கோல் போட்டவனுக்கு மட்டும்தான் மைக்கா?

வாலிபர் கூட்டம் என்று ஒன்று நடந்தால் அதில் ஒரு ஃபுட்பால் பிரசங்கம் கட்டாயம் உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். வாழ்க்கை ஒரு மைதானம். இயேசு நம்ம கோச். வேதாகமம் ரூல் புக். எதிர் டீம் சாத்தான். தொண்ணூறு நிமிஷம் ஓடு, கோல் போடு, ஜெயக்கொடி ஏற்று, அல்லேலூயா! பவர்பாயின்ட்டில் பிரேசில்காரர் ஒருத்தர் முழங்கால் போட்டு வானத்தைப் பார்க்கிற படமும் இருக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். நாமும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். டெல்லி, புனே, கொல்கத்தா, எந்த ஊர்த் தமிழ்ச் சபைக்குப் போனாலும் பாஸ்டர்தான் மாறுவார், பிரசங்கம் மாறாது.

விளையாட்டை வைத்துப் பிரசங்கம் பண்ணுவது தப்பா என்றால், இல்லை. பவுலே அதைச் செய்திருக்கிறார். கொரிந்துக்குப் பக்கத்தில் இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் இழுக்கிறார் (1 கொரிந்தியர் 9). ஆனால் அங்கே அவர் பேசுவது இச்சையடக்கத்தைப் பற்றி, பயிற்சியைப் பற்றி. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, சட்டப்படி ஆடாதவனுக்குக் கிரீடம் கிடையாது என்கிறார் (2 தீமோத்தேயு 2). 'கர்த்தரை நம்பினால் கப் உனக்குத்தான்' என்று அவர் எந்த நிருபத்திலும் எழுதவில்லை. அது நம்ம ஆட்கள் சேர்த்த மசாலா. என் சண்டை அந்த மசாலாவோடுதான்.

முதலில் அந்தப் படத்தில் இருக்கிற பிரேசில்காரர். அநேகமாக அவர் காகாவாக இருப்பார். 2007 மே 23, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலை 2-1 என்று மிலான் ஜெயித்ததும், 'நான் இயேசுவுக்குச் சொந்தம்' என்று எழுதிய உள்பனியனோடு முழங்காலில் நின்றார். நல்ல சாட்சி. எனக்கு அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2010 ஜூலை 2 அன்று உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்திடம் பிரேசில் 2-1 என்று தோற்றதே, அன்றைக்கும் காகா ஆடினார். அன்றைக்கு மட்டும் அவர் வேறு யாருக்காவது சொந்தமாகிவிட்டாரா? அந்த நாளின் படத்தை எந்த வாலிபர் கூட்டத்திலாவது காட்டியிருக்கிறார்களா? காட்டமாட்டார்கள். தோற்ற விசுவாசியின் முகம் நம்ம பிரசங்கத்துக்கு உதவாது.

எதிர் டீம் சாத்தான் என்கிற கதைக்கு வருவோம். 2017 ஏப்ரல் 30, ஷில்லாங். ஐ-லீக் கடைசி ஆட்டம். முந்தைய சீசனில் லீகிலிருந்தே இறக்கப்பட்டு, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஐஸ்வால் அணிக்கு டிரா செய்தாலே போதும், இந்தியாவின் சாம்பியன். எதிரே சொந்த ஊரில் ஆடும் ஷில்லாங் லஜாங். 2011 கணக்கெடுப்பின்படி மிசோரமில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். மேகாலயாவில் ஏறக்குறைய 75 பேர். அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. இரண்டு பக்கத்திலும் எத்தனை ஜெபம் ஏறியிருக்கும்! ஆட்டம் 1-1. கோப்பை ஐஸ்வாலுக்கு. இதில் எந்த டீம் சாத்தான் டீம், யாராவது சொல்லுங்களேன் :-)

இன்னும் பழைய கதை ஒன்று. 1911 ஜூலை 29, கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். வெள்ளைக்காரப் பட்டாளமான கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை மோகன் பகான் 2-1 என்று தோற்கடித்தது. பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டு ஆடினவர் ஒரே ஒருத்தர். இடது பக்க டிஃபெண்டர், வங்காளக் கிறிஸ்தவர், ரெவரெண்ட் சுதீர் சட்டர்ஜி. கோல் போட்டவர்கள் ஷிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும். இவர் கோல் போடவில்லை. இவர் வேலை கோல் விழாமல் தடுப்பது.

இந்த ஆட்டத்தை நம்ம உதாரணத்துக்குள் அடக்கிப் பாருங்கள். அடங்காது. கூட ஆடினவர்கள் இவருடைய சபைக்காரர்கள் இல்லை. எதிரே நின்றவர்கள்தான் கிறிஸ்தவ ராஜாவின் பட்டாளம். ஆனாலும் சட்டர்ஜி யாரோடு நின்றார், யாருக்காக உதை வாங்கினார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற சர்மாவையும் இக்பாலையும் 'உலகத்தார்' என்று ஒதுக்கி வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற நாம், இந்த டிஃபெண்டரைப் பற்றி ஒரு ஞாயிறாவது பேசியிருக்கலாம்.

இப்போது கொஞ்சம் கசப்பான இடம். 1986 ஜூன் 22, மெக்ஸிகோ. உலகக் கோப்பைக் காலிறுதி. மாரடோனா பந்தைக் கையால் தட்டி இங்கிலாந்து கோலுக்குள் தள்ளினார். நடுவர் பார்க்கவில்லை, கோல் கொடுத்துவிட்டார். பிறகு கேட்டதற்கு, கொஞ்சம் என் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்கிற மாதிரி பதில் சொன்னார். உலகமே ரசித்தது. அடுத்த சில நிமிஷங்களில் அவர் போட்ட இன்னொரு கோலின் அழகு வேறு சமாச்சாரம், அதை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் மோசேக்குக் கொடுத்த பத்துக் கட்டளையில் மூன்றாவது எதைப் பற்றியது? தேவனுடைய பெயரை வீணாக இழுப்பதைப் பற்றி. கையால் தட்டிவிட்டு அதில் கடவுளின் பெயரை எழுதுவதைவிட அதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

மாரடோனாவை விடுங்கள், அவர் சுவிசேஷகர் இல்லை. நம்ம கதையைப் பார்ப்போம். இல்லாத வீட்டுக்காரர் பெயரில் வாடகை ரசீது போட்டு வருமான வரியைக் குறைக்கிறோம். இரண்டு வருஷ அனுபவத்தை நாலு வருஷம் என்று ரெஸ்யூமேயில் ஏற்றுகிறோம். வேலை கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து, 'கர்த்தர் ஒருவரும் பூட்டக்கூடாத வாசலைத் திறந்தார்' என்று சாட்சி சொல்கிறோம். சபையும் ஆமென் போடுகிறது. ஐயா, அது திறந்த வாசல் இல்லை. அது கையால் தட்டின பந்து. நடுவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை சொல்கிறேன். 2012 செப்டம்பர் 26, நேப்பிள்ஸ். லாட்சியோவுக்கு ஆடின ஜெர்மன்காரர் மிரோஸ்லாவ் க்ளோசே, ஆட்டம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே கோல் போட்டார். பந்து பட்டது கையில். நடுவர் கோல் கொடுத்துவிட்டார். க்ளோசே நடுவரிடம் போய், கையில்தான் பட்டது என்று ஒப்புக்கொண்டார். கோல் ரத்து. எதிரணிக்காரர்கள் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

இதை நம்ம ஊழியர் யாராவது சொன்னால் அடுத்த வரி என்ன வரும் தெரியுமா? 'உண்மை பேசினான், கர்த்தர் அவனை இரண்டத்தனையாய் ஆசீர்வதித்தார், மூன்று கோல் போட்டு ஜெயித்தான்!' மூன்று கோல் விழுந்தது உண்மைதான். மூன்றும் நாப்போலியின் கவானி போட்டது. லாட்சியோ 3-0 என்று தோற்றது. உண்மை பேசினவனுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மைதானத்துக்கு 2020-ல் யார் பெயரை வைத்தார்கள் தெரியுமா? மாரடோனா பெயரை. அவர் அந்த ஊரின் ராஜா அல்லவா!

எனக்குத் தெரிந்து கால்பந்தில் கிறிஸ்தவப் பாடம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. கையால் தட்டின அர்ஜென்டினா 1986-ல் கோப்பையே வாங்கியது. ஒப்புக்கொண்ட க்ளோசே தோற்றார். ஸ்கோர்போர்டு தேவனுடைய தீர்ப்பு இல்லை. 2009 நவம்பரில் தியெரி ஆன்ரி கையால் தட்டிக் கொடுத்த பந்தில் அயர்லாந்தை வெளியேற்றிய பிரான்ஸ், 2010 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 'பார்த்தாயா தண்டனையை' என்று சொல்ல நாக்கு துடிக்கும். வேண்டாம். அப்படிச் சொன்னால் 1986-க்கு என்ன பதில் சொல்வீர்கள்? உண்மையை உண்மைக்காகப் பேச வேண்டும், கூலிக்காக அல்ல. யோபு புத்தகத்தில் சாத்தான் கேட்கிற முதல் கேள்வியே இதுதானே, யோபு சும்மாவா பக்தியாயிருக்கிறான் என்று. நம்ம ஃபுட்பால் பிரசங்கம் அந்தக் கேள்வியில் சாத்தான் பக்கம் நின்று பதில் சொல்கிறது.

'அண்ணே, பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம் வேண்டாமா? தோல்வியைப் பற்றியே பேசினால் எப்படி?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்மில் பல பேர் ஊரை விட்டு, சொந்தத்தை விட்டு, தெரியாத பாஷைக்கு நடுவில் பிழைக்க வந்தவர்கள். ஜெயித்தே ஆகவேண்டும் என்கிற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்தக் கார்டில் உபாகமம் 28-ன் தலை-வால் வசனம் வந்தால் சந்தோஷப்படுகிறோம். அந்த வசனத்தில் ஒரு 'இருந்தால்' இருப்பதை மட்டும் கார்டில் அச்சடிக்கமாட்டார்கள்.

ஆனால் இந்த உற்சாகத்துக்கு விலை கொடுப்பது யார் என்று பாருங்கள். நுழைவுத்தேர்வில் சீட் கிடைத்த பையனை மேடைக்குக் கூப்பிட்டு சாட்சி சொல்ல வைக்கிறோம். அதே ஜெபத்தை அதே உபவாசத்தோடு செய்து, சீட் கிடைக்காத பையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்கிறான். அவன் என்ன நினைப்பான்? ஒன்று, தன் விசுவாசம் போதவில்லை. இல்லையென்றால், தேவன் தன்னைப் பார்க்கவில்லை. நாலு வாரம் கழித்து அவன் வரவில்லை என்றால், 'பின்மாற்றத்தில் போய்விட்டான், ஜெபியுங்கள்' என்று குறிப்பில் போடுகிறோம். வேலை போன அண்ணன், கல்யாணம் தள்ளிப்போகிற அக்கா, குழந்தை இல்லாத தம்பதி, இவர்களெல்லாம் சாட்சி நேரம் முடிந்த பிறகு மெதுவாக உள்ளே வருவதை நீங்கள் கவனித்ததில்லையா?

எபிரெயர் 11-ஐத் திறந்து பாருங்கள். ராஜ்யங்களை ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். 35-ஆம் வசனத்தின் நடுவில் காட்சி மாறுகிறது. அடி வாங்கினவர்கள், கல்லெறியப்பட்டவர்கள், ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு அலைந்தவர்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே பட்டியலில் வைத்து, எல்லோருக்கும் விசுவாசத்தினாலே நற்சாட்சி என்கிறார் எழுதினவர். அவர் மைக்கை இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார். நாம் பாதியில் பிடுங்கிவிட்டோம்.

ஃபுட்பாலே இதைத்தான் சொல்கிறது. தொண்ணூறு நிமிஷத்தில் ஒரு ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது சில நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் அடுத்தவனுக்கு இடம் உண்டாக்க ஓடுவது, அடுத்தவன் விட்ட பந்துக்குப் பின்னால் ஓடுவது. பதினொரு பேரில் பாதிப் பேர் எத்தனையோ ஆட்டத்தில் கோல் பக்கமே போகமாட்டார்கள். 1 கொரிந்தியர் 12-ல் கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஆகவே ஃபுட்பால் பிரசங்கம் பண்ணுங்கள், தாராளமாகப் பண்ணுங்கள். ஆனால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பண்ணுங்கள். காகா ஜெயித்த படத்தோடு அவர் தோற்ற படத்தையும் காட்டுங்கள். சட்டர்ஜியின் பூட்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். க்ளோசே கதையில் கடைசி ஸ்கோரை மாற்றாமல் சொல்லுங்கள். அடுத்த சாட்சி நேரத்தில், கேட்டது கிடைக்காமல் போயும் இந்த ஞாயிறு வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் பேச விரும்பினால் முதலில் அவர் கையில் மைக்கைக் கொடுங்கள். சிலுவையில் தொங்கினவரை அன்றைக்குப் பார்த்த எவனும் அவர் ஜெயித்தார் என்று ஸ்கோர் எழுதியிருக்கமாட்டான். அவரைக் கும்பிடுகிற நாம் ஸ்கோரைப் பார்த்து ஆளை எடை போடலாமா?