நிரப்ப வேண்டிய கட்டங்கள்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் வெளியிட்ட ஜாவாவில் ‘மெத்தட் பாராமீட்டர்’ என்றதும் நம்மில் பலர் வரையறையை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறோம். நேர்முகத் தேர்வில் ‘ஏன்’ என்று கேட்டால் மனப்பாடம் கைகொடுக்குமா?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து வரும் நாம் தாலுகா ஆபீஸ் படிவம் அறியாதவர்களா? படிவத்தின் காலிக் கட்டமே பாராமீட்டர்; அதில் எழுதுவது ஆர்கியுமென்ட். பின்கோடு கட்டத்தில் 627002 என்றெழுத வேண்டும். ‘பாளையங்கோட்டை’ என்றெழுதினால் படிவம் திரும்பும். எண் கேட்குமிடத்தில் சொல்லைக் கொடுத்தால் கம்பைலரும் அப்படியே திருப்பிவிடும்.

படிவத்தோடு சான்றிதழின் ஜெராக்ஸைத்தான் இணைக்கிறோம். அதில் எவர் கிறுக்கினாலும் அசல் பத்திரம். ஜாவா மெத்தடுக்கு அனுப்புவதும் நகலே. ஆப்ஜெக்டை அனுப்பும்போது நகலாவது வீடன்று, விலாசச் சீட்டு. அந்த நகலோடு சென்றவர் சுவருக்கு வேறு வண்ணம் அடித்தால், மாறுவது நம் வீடுதான்! நகலில் வேறு விலாசம் எழுதினாலோ, நம் கைச்சீட்டு மாறாது.

முதல் தலைமுறை மாணவரைத் தடுப்பது அறிவுக் குறைவன்று. ஆங்கிலச் சொல்லின் அச்சமே. வரையறை பிறகு வரட்டும்; வகுப்பில் முதலில் படிவத்தைக் காட்டுங்கள் என்பதே ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள். நண்பர்களே, படிவம் நிரப்பத் தெரிந்த நமக்கு ஜாவாவும் வசப்படும்!