ஒரு ரன் பாக்கி

சென்ற மே மாதம் கொடைக்கானல் போயிருந்தேன். ஏரியில் படகு விடவோ பிளம்ஸ் பழம் வாங்கவோ அல்ல. என் அக்கா பந்தடிப்பதைப் பார்க்க!

அக்காவுக்கு வயது நாற்பத்து நாலு. கல்லூரியில் சாப்ட்பால் ஆடியவள். மூன்றாம் வருஷம் கல்யாணம் ஆயிற்று. மட்டையை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள். இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு, மதுரையில் தாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெண்மணிகளைக் கூட்டி ஒரு கோஷ்டி அமைத்தாள். நாலு ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி நடந்தது. கொடைக்கானலில் பொழுதுபோக்காக ஆடும் பெண்கள் கோஷ்டி ஒன்றோடு சிநேகப் போட்டி என்று ஏற்பாடாயிற்று.

சாப்ட்பால் பிறந்த கதை வேடிக்கையானது. 1887 நவம்பரில், சிகாகோ நகரத்துப் படகுக் கிளப் ஒன்றில் சில வாலிபர்கள் கால்பந்துப் போட்டியின் முடிவு தெரியக் காத்திருந்தார்கள். உற்சாகத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையை விட்டெறிய, இன்னொருவர் அதை ஒரு கட்டையால் அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் உடனே அந்தக் கையுறையை இறுக்கிக் கட்டிப் பந்தாக்கினார். துடைப்பக் கட்டை மட்டையாயிற்று. ஆட்டம் பிறந்தது!

இதைச் சொன்னதும் அக்கா, "துடைப்பக் கட்டை பிடித்துப் பழகின கை தம்பி இது. மட்டை எம்மாத்திரம்?" என்றாள்.

பந்தின் சுற்றளவு 12 அங்குலம். கையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழிருந்து வீச வேண்டும். அடித்தவர் நாலு தளங்களையும் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் மட்டை எதிர்க் கட்சிக்குப் போய்விடும். இப்படி ஏழு இன்னிங்ஸ். 1996-ல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஆட்டமாக இது முதன்முதலாக இடம் பெற்றது.

கொடைக்கானலுக்கு அமெரிக்க ஆட்டம் பொருத்தமானதுதான். மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, 1845-ல் மலையேறி வீடு கட்டிக் கொண்ட ஊர் அல்லவா? 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வந்தது.

அவர்கள் மலையேறி இளைப்பாறினார்கள். எங்கள் கோஷ்டிக்கு இளைப்பாற நேரமில்லை. காரணம், அத்தான். கணக்கில் கெட்டிக்காரர். "முதல் நாளே போவானேன்? ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை தண்டம்" என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் வேன் ஏறி, வத்தலக்குண்டு தாண்டி, வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்டம்.

முதலில் நம்மவர்கள் மட்டை பிடித்தார்கள். மூன்று பேர், மூன்று அவுட். பிறகு ஊர்க்காரர்கள் அடித்தார்கள். அங்கேதான் வந்தது வினை!

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே காற்று, சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. அடித்த பந்தைத் தடுக்கக் காற்று போதாது. ஓடுகிற மனுஷிக்கு மூச்சும் போதாது. நம்மவர்கள் மதுரையில் பழகிய கணக்குப்படி நின்றார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே போய் விழுந்தது. துரத்திப் போய் எடுப்பதற்குள் மூச்சு முட்டியது. முதல் இன்னிங்ஸில் ஆறு ரன், இரண்டாவதில் ஒன்று. ஏழுக்குப் பூஜ்யம்!

"ஏழுக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டால் எழுபது ஆயிற்றே!" என்றார் அத்தான், பிளாஸ்கைத் திறந்துகொண்டே. யாரும் சிரிக்கவில்லை.

அக்கா எல்லோரையும் கூப்பிட்டாள். "பத்தடி பின்னால் தள்ளி நில்லுங்கள். ஓடும்போது பேசாதீர்கள்." அவ்வளவுதான். அதற்கப்புறம் எதிர்க் கட்சி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. நம்மவர்கள் நாலாவது இன்னிங்ஸில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று, ஆறாவதில் இரண்டு எடுத்தார்கள். அத்தான் பிளாஸ்கை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

கடைசி இன்னிங்ஸ். பனிமூட்டம் ஏரிப் பக்கத்திலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. ஒரு ரன் வந்து ஏழுக்கு ஆறு ஆயிற்று. மூன்றாவது தளத்தில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள். ஆனால் இரண்டு பேர் அவுட். மட்டையோடு வந்தவள் அக்கா.

அடித்தாள். அப்படியொரு அடி! பந்து எழும்பி எழும்பிப் போயிற்று. மெலிந்த காற்று இந்தத் தடவை நமக்குத்தான் உதவப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த ஊர்ப் பெண்ணுக்கு அந்த ஊர்க் காற்று தெரியாதா? அவள் முதலிலேயே பின்னால் போய் நின்றிருந்தாள். இரண்டடிகூட நகரவில்லை, பந்து அவள் கிளவுஸில் வந்து உட்கார்ந்தது.

திரும்பும்போது வேனில் பேச்சு மூச்சில்லை. நான்தான் சமாதானம் சொன்னேன். "அக்கா, 2000-த்தில் சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தொடர்ச்சியாக மூன்று ஆட்டம் தோற்றார்கள். அப்புறம் இறுதி ஆட்டத்தில் ஜப்பானை 2–1 என்று ஜயித்துத் தங்கப் பதக்கம் வாங்கவில்லையா?"

"அவர்களுக்கு இன்னும் ஆட்டம் பாக்கி இருந்தது, தம்பி. எங்களுக்கு ஏழே இன்னிங்ஸ். அதில் இரண்டை மலைக்குப் பழகுவதிலேயே கழித்துவிட்டோம்." சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் இருபத்து நாலு வருஷத்தைக் கழித்தது போல."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு என்னவோ போலிருந்தது. முன் ஸீட்டிலிருந்த அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

வத்தலக்குண்டில் காபிக்கு இறங்கினோம். அத்தான் டம்ளரை அக்காவிடம் நீட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம் முதல் நாளே போய்விடலாம்" என்றார்.

"இரண்டு நாள் முன்னதாக" என்றாள் அக்கா.

"சரி, இரண்டு நாள்."

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. மாடியில் இருப்பதாகப் பக்கத்து வீட்டம்மாள் சொன்னார். போய்ப் பார்த்தால், அத்தான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து வீசுகிறார், அக்கா அடிக்கிறாள். இதுவரை இரண்டு பூந்தொட்டி உடைந்திருக்கிறதாம்.

அந்தச் செலவைத் தண்டம் என்று அத்தான் சொல்லவில்லை.