அஞ்சு வருஷ அத்தை!

போன வாரம் எங்க காலேஜ்ல 'மாக் இன்டர்வியூ'. மூணாவது வருஷம் இ.சி.இ. மொத்தமும் அயர்ன் பண்ணின டிரஸ், புது ஷூ, கையில ஃபைல்னு ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி வராண்டாவுல வரிசை கட்டி நின்னோம். உள்ளே போனதும் பிளேஸ்மென்ட் சார் கேட்டது, எல்லா ஹெச்.ஆரும் கேட்கிற அதே கேள்விதான்.

''அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்கே இருப்பீங்க?''

மனப்பாடம் பண்ணி வெச்சிருந்ததை ஒப்பிச்சுட்டு வெளியே ஓடி வந்துட்டேன். ராத்திரி ஹாஸ்டல் ரூம்லயும் அதே பேச்சுதான். ''ஐ.டி-யில எப்போ யாரை வீட்டுக்கு அனுப்புவாங்கன்னே தெரியலைடி. நான் டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போறேன். கவர்மென்ட் வேலைன்னா ஒரு பய நம்மளைத் தூக்க முடியாது''ன்னு ஒருத்தி சொன்னா.

மேல் கட்டில்ல படுத்திருந்த இன்னொருத்தி தலையை மட்டும் எட்டிப் பார்த்து, ''எங்க அம்மா கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். 2003-ல ஒரே ராத்திரியில தூக்கிட்டாங்க, தெரியுமா?''ன்னா.

ரூமே கப்சிப்!

நாம எல்லாம் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்த கதை அது. 2003 ஜூலை 2-ம் தேதி தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பென்ஷன் உள்ளிட்ட சலுகைகளில் கை வைத்ததுதான் காரணம். 'டெஸ்மா' சட்டம் பாய்ந்தது. தனித்தனியாக விசாரணை எதுவும் இல்லாமல் சுமார் 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சில வாரங்களிலேயே, பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது. வேலைநிறுத்தம் செய்வது அரசு ஊழியர்களின் உரிமை அல்ல என்று ஆகஸ்ட் 6-ம் தேதி நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது.

''அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு. ஆனா, இன்னிக்கும் வாசல்ல 'போஸ்ட்'னு சத்தம் கேட்டா அவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்டி''ன்னா அவ.

எனக்கு அப்போ எங்க அத்தை ஞாபகம் வந்தது. அந்த 1,70,000 பேரைப் பத்தியாவது அப்பா, அம்மா யாராவது சொல்லிக் கேட்டிருப்போம். எங்க அத்தை மாதிரி ஆளுங்களோட கதை, அவங்க ஊரைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை.

* * *

அத்தை, அப்பாவோட அக்கா. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். 'மக்கள் நலப் பணியாளர்'னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பத்தாவது வரைக்கும் படிச்சுட்டு வேலை இல்லாம இருந்த கிராமத்துப் பசங்களுக்காக 1989-ல் தமிழக அரசு உருவாக்கின வேலை அது. அத்தைக்கு அப்போ 22 வயசு. எங்க குடும்பத்துலயே முதல் முதலா மாசச் சம்பளம் வாங்கின பொம்பளை அவங்கதான்.

''என்ன வேலை அத்தை?''ன்னு கேட்டா விரல் விட்டு எண்ணுவாங்க. ''முதியோர் கல்விக்கு ஆள் சேர்க்கணும், சிறுசேமிப்புப் பணம் கட்ட வைக்கணும், தெருவிளக்கு எரியலேன்னா சொல்லணும், தடுப்பூசி போட புள்ளைங்களைக் கூட்டியாரணும்... ஊர்ல எது நடந்தாலும் நான்தான் பாப்பா!''

இப்போ நோட்டை எடுத்து வருஷத்தை மட்டும் குறிச்சுக்கோங்க மக்களே.

1989 - வேலை கிடைச்சது. 1991 - ஆட்சி மாறிச்சு, வேலை போச்சு. 1997 - ஆட்சி மாறி இருந்ததால திரும்பக் கூப்பிட்டாங்க. 2001 - ஆட்சி மாறிச்சு, மறுபடியும் வீட்டுக்கு. 2006 - ஆட்சி மாறிச்சு, மறுபடியும் வேலை. 2011 - ஆட்சி மாறிச்சு, நவம்பர் 8-ம் தேதி உத்தரவு வந்தது. சுமார் 13,500 பேர் ஒரே நாளில் வீட்டுக்கு!

எந்தக் கட்சி, எந்த முதல்வர்னு நான் எழுதலை. வருஷத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது கட்சிக் கதை இல்லை, அத்தை கதை.

அரசாங்கத் தரப்புல சொன்ன காரணத்தையும் சொல்லிடறேன். இது தற்காலிக வேலை, நிரந்தரமா வெச்சுக்கணும்னு கட்டாயம் இல்லைங்கிறதுதான் அவங்க வாதம். ஊர்ல சிலர் சொன்ன காரணம் வேற... 'அவங்க எல்லாம் கட்சிக்காரங்கப்பா!' அத்தைகிட்டே நேரடியாவே கேட்டேன். கோவிச்சுக்கலை. ''கொடி புடிச்சவளும் இருந்தா, புடிக்காதவளும் இருந்தா. நீக்குறப்போ ரெண்டு பேரையும் சேர்த்துதானே நீக்குனாங்க?''

* * *

அத்தை வீட்டைப் பார்த்தா ஆட்சி வரலாறு தெரிஞ்சுடும். சத்தியமா! அஸ்திவாரமும் சுவரும் 1997-க்கும் 2001-க்கும் நடுவுல எழும்பினது. 2001-ல வேலை போனதும் வீடு அப்படியே நின்னுச்சு. அஞ்சு வருஷம் மேலே கீத்துதான். மழை வந்தா அண்டா, குண்டான் எல்லாம் நடு வீட்டுக்கு வந்துடும். 2006-ல வேலை வந்த அப்புறம் தளம் போட்டாங்க. 'அடுத்த வருஷம் பூசிடலாம்'னு சொல்லிட்டிருந்தப்போ 2011. வெளிச்சுவர் இன்னிக்கும் பூசாத செங்கல்தான்.

1991-ல வேலை போனப்போ நிச்சயம் பண்ற அளவுக்கு வந்த ஒரு சம்பந்தம் நின்னுபோச்சு. 'உத்தியோகம் பார்க்குற பொண்ணுன்னுதானே பேசினோம்'னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்களாம். அதைச் சொல்லும்போது அத்தை சிரிப்பாங்க. ''நல்லதாப் போச்சு. இல்லேன்னா உங்க மாமா மாதிரி மனுஷன் கிடைச்சிருப்பாரா?'' மாமா அந்தப் பக்கம் திரும்பி மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்.

2001-ல ஒரு தையல் மெஷின் வாங்கி ஜாக்கெட் தைச்சு வீட்டை ஓட்டினாங்க. 2006-ல வேலை திரும்பக் கிடைச்சதும் 'இனிமே இது எதுக்கு?'ன்னு மெஷினை வித்துட்டாங்க. அத்தை அவங்க வாழ்க்கையிலேயே பண்ணின பெரிய தப்பு அதுதான்னு சொல்வாங்க. அவங்க தப்பா அது?

2011 நவம்பர் எனக்கும் லேசா ஞாபகம் இருக்கு. எனக்கு ஆறு வயசு. தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம்தான் இருக்கும். அத்தை வீட்ல டி.வி-யில நியூஸ் ஓடிச்சு. யாரும் அழலை, கத்தலை. அத்தை எழுந்து போய் அடுப்புல இருந்த சோத்தை இறக்கினாங்க. மறுநாள் காலையில வழக்கம்போல குளிச்சு, புடவை கட்டி, ஊராட்சி ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துட்டாங்களாம். ''ஏன் அத்தை போனீங்க?''ன்னு பெரியவ ஆனப்புறம் கேட்டேன். ''அந்த நேரத்துக்கு வேற எங்க போறதுன்னு கால் பழகலை பாப்பா''ன்னாங்க.

அதுக்கு முன்னாடி நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கு அத்தை போனா, பேர் வாசிச்சு வருகைப் பதிவு எடுக்கிற கூட்டத்துல அவங்களும் இருப்பாங்க. வேலை போன அப்புறம் அதே ஏரிக்கரைக்கு மண்வெட்டியோட போக வேண்டி வந்தது. மூணு மாசம் போகவே இல்லையாம். அரிசி தீர்ந்த அன்னிக்குப் போனாங்க. ''வேலை கஷ்டமில்லை. நான் பேர் வாசிச்ச ஜனங்க நடுவுல நின்னு, என் பேரை வாசிக்க 'உள்ளேன்'னு சொன்னேன் பாரு... அதுதான்!''

அந்த வருஷம் அத்தை பொண்ணு, எங்க அக்கா, பிளஸ் டூ. என்னைவிட நல்ல மூளை. இன்ஜினீயரிங்தான்னு முடிவு பண்ணி, 2011 தீபாவளிக்கே அத்தை ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்திருந்தாங்க. மார்க்கும் வந்தது. ஆனா, அக்கா கவுன்சலிங் போகலை. பக்கத்து டவுன் அரசுக் கல்லூரியில பி.எஸ்சி. மேத்ஸ் சேர்ந்துட்டா. இப்போ ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நல்லாத்தான் இருக்கா. எனக்கு சீட் கிடைச்ச அன்னிக்கு அந்த கால்குலேட்டரை என் கையில குடுத்து, 'பேட்டரி மட்டும் மாத்திக்கோ'ன்னா. ஒவ்வொரு செமஸ்டரும் அதை வெச்சுதான் எழுதறேன்.

* * *

'ஏன் வேற வேலைக்குப் போயிருக்கக் கூடாது?'ன்னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். இதுக்கான பதில்தான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது.

ஒரே ஒரு தடவை வேலையை விட்டு அனுப்பியிருந்தா, அழுதுட்டு அடுத்த வேலையைத் தேடியிருப்பாங்க. ஆனா, அத்தையை ரெண்டு தடவை திரும்பக் கூப்பிட்டாங்களே! அப்போ மூணாவது தடவையும் கூப்பிடுவாங்கன்னுதானே தோணும்? டவுன் ஜவுளிக் கடையில வேலை வந்தப்போ, 'கேஸ் நடக்குது, தீர்ப்பு வந்துடும்'னு போகலை. நம்பறதுக்குக் காரணமும் இருந்தது. 2012-லும் 2014-லும் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் மேல்முறையீடு. 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் தடை. அப்புறம் வருஷக் கணக்குல வாய்தா.

அத்தைகிட்டே ஒரு மஞ்சப் பை இருக்கு. வேலைக்கு எடுத்த ஆர்டர், நீக்கின ஆர்டர், சங்கத்துக்கு சந்தா கட்டின ரசீது எல்லாம் அதுக்குள்ள. சங்கக் கூட்டம்னா அந்தப் பையோட பஸ் ஏறிடுவாங்க. திரும்பி வந்து, 'இந்த வருஷம் இன்னாரைக் காணோம், தவறிட்டாங்களாம்'னு சொல்வாங்க. காத்திருக்கும்போதே வயசாகி, நோய் வந்து போனவங்க நிறைய பேர்.

2022-ல் அரசு ஓர் அறிவிப்பு கொடுத்தது. 2011 நவம்பர் 8 அன்று பணியில் இருந்தவர்களுக்கு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பணி. மாதம் 7,500 ரூபாய். பழைய வேலையையே கேட்ட சிலர் இதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்து வைத்தது.

சேர்றதா, வேண்டாமான்னு அத்தை வீட்ல ஒரு வாரம் பஞ்சாயத்து. நான் அப்போ பிளஸ் டூ. ''நீ கணக்குப் போட்டு சொல்லு பாப்பா''ன்னாங்க. அக்காவோட கால்குலேட்டரே தேவைப்படலை. 1989-ல இருந்து 2022 வரைக்கும் 33 வருஷம். அதுல வேலை பார்த்தது 2, 4, 5... மொத்தம் சுமார் 11 வருஷம். காத்திருந்தது 22 வருஷம். வேலை பார்த்ததைப் போல ரெண்டு மடங்கு!

கணக்கைச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ''அப்போ என் வேலையே காத்திருக்கறதுதான்னு சொல்லு''ன்னாங்க. நான் ஏண்டா சொன்னோம்னு ஆயிடுச்சு.

அத்தை சேர்ந்தாங்க. 55 வயசுல. வருகைப் பதிவுக்கு செல்போன் ஆப்ல போட்டோ எடுக்கணும். ''பாப்பா, போட்டோ ஏற மாட்டேங்குது... டவர் இல்லையா, எனக்குத் தெரியலையா?''ன்னு தினமும் காலையில போன் வரும். கிளாஸுக்கு ஓடிக்கிட்டே சொல்லித் தருவேன். முதல் சம்பளத்துல எனக்கு ஒரு பை நிறைய முறுக்கு வந்தது. நான் கேட்காமலேயே மாமா சொன்னார், ''இந்தத் தடவை சுவர் பூசறதைப் பத்தி அவ பேச்சே எடுக்கலைம்மா.''

* * *

மாக் இன்டர்வியூ முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அத்தைக்கு போன் போட்டேன். விளையாட்டாத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ''அத்தை, அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்கே இருப்பீங்க?''

அத்தை ஒரு செகண்டுகூட யோசிக்கலை.

''அஞ்சு வருஷம்னா அதுக்குள்ள எலெக்‌ஷன் வந்துடுமே பாப்பா!''

சிரிச்சேன். போனை வெச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு. எனக்குத் தெரிஞ்சு சம்பளத்தைவிட பெரிசா அத்தைகிட்டேயிருந்து போனது இதுதான். 'அடுத்த வருஷம் இதைச் செய்யலாம்'னு தைரியமா சொல்ற வாய். நாம ஒரு இன்டர்வியூவுக்காக அளந்து விடற அந்த அஞ்சு வருஷத்தை, அத்தை ஒரு தடவைகூட முழுசா நம்பி வாழ்ந்ததில்லை.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். நீக்கப்பட்டவங்க சுமார் 13,500 பேர். ஏறக்குறைய ஊருக்கு ஒருத்தர்! உங்க ஊர்லயும் ஒரு அத்தையோ, சித்தப்பாவோ, பக்கத்துத் தெரு அக்காவோ கண்டிப்பா இருப்பாங்க. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா, பத்து நிமிஷம் அவங்க திண்ணையில உட்கார்ந்து பேசிட்டு வாங்க. மஞ்சப் பையைக் காட்டுவாங்க. பொறுமையாப் பாருங்க.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!