யாருக்காக இந்த ஆராய்ச்சி?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் இருக்கிறது, நட்பைப் பற்றி எழுத அதைவிட அதிகமாக ஆள் இருக்கிறது. நான் இட்லி மாவைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மாவில் என்ன வேலை என்று கேட்பவர்கள், கிரைண்டரை யார் செய்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவும். 1955-இல் நம் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர்தான் முதல் வெட் கிரைண்டரைச் செய்தார் என்பார்கள். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆக, மாவு நம்ம ஊர் சப்ஜெக்ட்!

எங்கள் அம்மா கணபதியில் வீட்டிலேயே மாவு ஆட்டி விற்கிறார். காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு, மத்தியானம் ஆட்டி, பாக்கெட் போட்டால், நான் சைக்கிளில் மூன்று மளிகைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். என்னுடைய பரீட்சைப் பணம், டிராயிங் போர்டு எல்லாம் அந்த மாவில் வந்ததுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம். காலையிலேயே பக்கத்து வீதியிலிருந்து ஓர் அக்கா வந்தார்.

"ஏனுங்கக்கா, நேத்து உங்க மாவுலதான் இட்லி ஊத்துனேனுங்க. ராத்திரியெல்லாம் பையனுக்கு வாந்திங்க. ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு ஓடுனோமுங்க."

அவர் சண்டை போட வரவில்லை. சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அம்மா ஒன்றும் பேசவில்லை. போசியில் மிச்சம் இருந்த மாவை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினார். ஒன்பது நாள் கிரைண்டர் ஓடவில்லை.

பையனுக்கு நல்லபடியாகிவிட்டது. ஆனால் அது எங்கள் மாவால் வந்ததா? அந்த வீட்டுச் சட்னியால் வந்ததா? ஸ்கூல் வாசலில் வாங்கித் தின்ற ஐஸால் வந்ததா? இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. குற்றவாளி என்றும் சொல்ல முடியவில்லை, நிரபராதி என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் விசாரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு சாம்பிளுக்கு அவர்கள் சொன்ன தொகைக்கு அம்மா பத்து நாள் மாவு ஆட்ட வேண்டும்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. நம் ஊரில் என்ன குறை? வேளாண்மைக் கல்லூரி 1906-இலேயே கோவைக்கு வந்துவிட்டது, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அங்கே நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. 1966 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1982 முதல் பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. மனையியலுக்கென்றே அவினாசிலிங்கம் இருக்கிறது. எம்.பி.ஏ. கல்லூரிகளை எண்ணி முடியாது. டவுன் பஸ்ஸில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படியிருந்தும், கணபதியில் மாவு விற்கும் ஓர் அம்மாவுக்கு "மே மாத வெயிலில் இந்தப் பாக்கெட் எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்ற கேள்விக்கு யாரிடம் பதில் கேட்பது என்று தெரியவில்லையே!

பதில் இல்லை என்று நினைக்காதீர்கள். அதுதான் வேதனை. பதிலில் ஒரு பகுதி 1965-லேயே அச்சாகிவிட்டது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் முகர்ஜி, ஸ்டெய்ன்கிராஸ் முதலியோர் இட்லி மாவை ஆராய்ந்தார்கள். மாவைப் பொங்க வைப்பது லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டம்ளர் தண்ணி குடிக்க வேண்டியிருக்கிறது.) ரொட்டியைப் போல ஈஸ்ட் தேவையில்லை, ஒரு லாக்டிக் அமில பாக்டீரியா தனியாகவே மாவை உப்ப வைக்கிறது என்று முதன்முதலில் பதிவானது நம் இட்லி மாவில்தான் என்று அவர்கள் எழுதினார்கள். அந்த பாக்டீரியாவை நாம் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதில்லை. தானியத்தோடேயே வருகிறது, ஊறும்போதே பெருகத் தொடங்குகிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அம்மா மாவைக் கையால்தான் கலக்குவார். "கை பட்டாத்தான் புளிக்கும் கண்ணு." ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கையில் சிறு வெட்டுக்காயம் இருந்தால் அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் இருக்கலாம். அது உணவில் பெருகி விஷத்தைக் கக்கிவிட்டால், இட்லிப் பானை ஆவியில் கிருமி செத்தாலும் விஷம் சாகாது. அதாவது கரண்டியால் கலக்கினாலே போதும் என்பதற்கான ஆதாரம் அறுபது வருடமாக ஏதோ ஒரு நூலக அலமாரியில் இருக்கிறது. அம்மா இன்னும் கையால் கலக்கிக்கொண்டிருக்கிறார். இந்த அறுபது வருடத்துக்கு யார் பொறுப்பு?

சரி, நம்மால் முடியாத காரியமா என்றால், அதுவும் இல்லை. நம் ஊர் விவசாயிகள் வாங்கும் அசோஸ்பைரில்லம் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். உயிர் உரம். அதற்குள்ளேயும் உயிரோடு இருக்கும் பாக்டீரியாதான். 2006-இல் உயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு கிராம் பொடியில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும், காலாவதித் தேதி போட வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. வயலுக்குப் போகும் பாக்டீரியாவுக்குக் கணக்கு இருக்கிறது. வயிற்றுக்குப் போகும் எங்கள் பாக்கெட்டில் அம்மா பேனாவால் கிழமையை மட்டும் எழுதுகிறார்.

ஏன் இப்படி? என் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்கிறேன். நுண்ணுயிரியல்காரர் மாவில் என்ன கிருமி என்று பார்ப்பார். டாக்டர் வாந்தி எடுத்த பையனைப் பார்ப்பார். எம்.பி.ஏ. மாணவர் இல்லத்தரசிகளிடம் போய் "பாக்கெட் எந்தக் கலரில் இருந்தால் வாங்குவீர்கள்?" என்று படிவம் நிரப்புவார். மூன்று பேரும் பார்ப்பது ஒரே பாக்கெட்டைத்தான். ஆனால் மூன்று தீசிஸ், மூன்று அலமாரி, மூன்று பூட்டு!

மூவரும் ஒரே பாதையில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காலரா கிருமி வெளியிடும் நச்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற பேராசிரியர் நிரூபித்தார். 1968-இல் டாக்கா காலரா ஆராய்ச்சிக் கூடத்தில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தாலே சலைன் ஏற்றும் தேவை மிகவும் குறைந்துவிடும் என்று காட்டினார்கள். 1971-இல் வங்கதேசப் போர். எல்லையில் போன்காவ் அகதிகளிடையே காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்ட வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்துக் குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, கரைசல் குடித்தவர்களிடையே 3.6 சதவீதத்துக்கு வந்தது.

அதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மருந்து கண்டுபிடித்தாயிற்று, வேலை முடிந்தது என்று அவர்கள் விடவில்லை. 1980 முதல் பத்து வருடம் வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரல் அளவு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், இவ்வளவு தண்ணீர் என்று ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மாரையே கலக்க வைத்துக் கற்றுக் கொடுத்தார்கள். தாய்மார் கலக்கிய கரைசலை எடுத்துப்போய் லேபில் உப்பின் அளவு சரியா என்று பார்த்தார்கள். தாய்மாருக்கு எவ்வளவு மனதில் நின்றதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குக் கூலி! இதுவும் மார்க்கெட்டிங்தான். விற்றது அறிவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்க்கெட்டிங் மட்டும் தனியாக ஓடினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். சர்க்கரை கூடுதலாக உள்ள இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தோடு மருந்துக் கடையிலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் வருடக்கணக்கில் போராடிய பிறகுதான், உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானத்தின் மேல் அந்தப் பெயர் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இதற்காக எல்லாப் பல்கலைக்கழகமும் மாவுதான் ஆராய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டே அவர்கள் முயலின் குடலை வைத்துச் சோதனை செய்தபோது, "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று என்னைப் போல் ஒருவன் கேட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அடிப்படை ஆராய்ச்சி வேண்டும். ஆனால் நூறு தீசிஸில் ஒன்றாவது வீதியில் கேட்கப்பட்ட கேள்வியில் ஆரம்பிக்கக் கூடாதா? முடிந்த பிறகு, கேட்டவரிடம் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கக் கூடாதா?

அடுத்தவரைச் சொல்வானேன், நம்ம யோக்கியதை என்ன? சீனியர் பிராஜக்ட்டை வாங்கி, முதல் பக்கத்தை மாற்றி, தங்க எழுத்தில் பைண்டிங் போட்டுக் கொடுக்கிறவர்கள்தானே நாம்! வைவா முடிந்த மறுநாள் அது எங்கே கிடக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? நானும் அப்படித்தான் செய்ய இருந்தேன்.

இப்போது ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறேன். கெமிஸ்ட்ரி லேபில் சாரிடம் கேட்டு பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கினேன். தெர்மாமீட்டரும் கொடுத்தார். "உடைச்சா காசு கட்டணும்டா" என்றார். தினமும் மாவு ஆட்டியதும், பிறகு மூன்று மணிக்கொரு தரமும் மாவின் சூடு, புளிப்பு, பொங்கிய உயரம் மூன்றையும் நோட்டில் எழுதுகிறேன். நல்ல தண்ணியில் ஆட்டியதா, தண்ணி வராத நாளில் உப்புத் தண்ணியில் ஆட்டியதா என்பதையும் எழுதுகிறேன். இது கிருமியைக் காட்டாது, புளிப்பு ஏறும் வேகத்தை மட்டும்தான் காட்டும். தாளின் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு அம்மா, "இதுக்கு எதுக்குச் சாமி காயிதம்? மோந்து பாத்தாலே நான் சொல்லிருவனே" என்றார். உண்மை. இருபது நாளில் ஒரு நாள்கூட அம்மா மூக்கு தப்பவில்லை. ஆனால் பாக்கெட் கடைக்குப் போகும்போது அந்த மூக்கு கூடப் போகிறதில்லையே!

இப்போது கரண்டியால் கலக்கிய மாவு ஒரு போசி, கையால் கலக்கியது ஒரு போசி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். நான்கு தடவை வைத்ததில் பொங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை. அம்மா இன்னும் முழுசாக நம்பவில்லை. "மார்கழிக் குளிருல வெச்சுப் பாரு, அப்பத் தெரியும்" என்கிறார். நியாயமான ஆட்சேபணை. மார்கழி வரை காத்திருக்கிறேன்.

ஒரு வீட்டு மாவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இருபது வீட்டுக் கணக்காவது கையில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறைக் கதவைத் தட்டலாம் என்று இருக்கிறேன். ஆகவே சூலூர், அன்னூர், திருப்பூர் பக்கமிருந்து வரும் நண்பர்கள், முக்கியமாக ஹாஸ்டல் வாசிகள், திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது ஒரு சின்ன டப்பாவில் வீட்டு மாவு கொண்டுவந்து கொடுத்தால் உதவியாக இருக்கும். அரிசிக்கு உளுந்து எத்தனை பங்கு, எத்தனை மணிக்கு ஆட்டியது, என்ன தண்ணி, உப்பு எப்போது போட்டது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மாவை எடுக்கிற கரண்டியைத் தயவுசெய்து கழுவிவிட்டு எடுங்கள்.