பந்துக்கு ஏது கோடு?

தேர்வு நெருங்கியதும் பள்ளிகளில் ஓவியப் பாடவேளை கணிதத்திற்கோ அறிவியலுக்கோ கைமாறிவிடுகிறது. அதை யாரும் இழப்பாகக் கருதுவதில்லை. தமிழ் கற்பிக்கும் இவருக்கு இதில் என்ன வழக்கு என்று அன்பர்கள் வினவலாம். வழக்கு உண்டு.

பள்ளி நாளில் எங்கள் ஓவிய ஆசிரியர் மேசைமீது ஒரு வெள்ளைப் பந்தை வைத்து வரையச் சொன்னார். வட்டம் போட்டு, ஓரத்தை மையாய்த் தீட்டிக் கொடுத்தேன். "பந்தைப் பார்த்தாயா, வட்டத்தைப் பார்த்தாயா?" என்றார். பிறகுதான் பார்த்தேன். பந்தைச் சுற்றிக் கோடு எங்குமே இல்லை! சன்னலொளி நேரே விழும் இடத்தில் தாளின் வெண்மையே போதும். பென்சில் அங்குப் படலாகாது. அங்கிருந்து இருள் மெல்ல மெல்லப் பெருகுகிறது. ஆனால் மிகுந்த இருள் விளிம்பில் இல்லை. விளிம்பிற்குச் சற்று உள்ளே பிறைபோல வளைந்து கிடக்கிறது. விளிம்போ, மேசையில் பட்டுத் திரும்பும் ஒளியால் சற்றே வெளுத்திருக்கிறது. அவ்வெளுப்பை விட்டுவிட்டால் பந்து தட்டையாகிவிடும். மேசையில் விழும் நிழல் பந்து தொடுமிடத்தில் அடர்ந்து, விலக விலகக் கரைகிறது. எச்.பி. பென்சிலில் தொடங்கி 2பி, 6பி எனச் செல்லவேண்டும். கோடுகளும் பந்தோடு வளையவேண்டும். விரலால் தேய்த்து மழுப்புவது ஆசிரியருக்கு ஆகாது. எனக்கோ அதுவே கைவந்த கலை!

இதனால் என்ன பயன் என்பார்க்கு ஒரு வரலாறு. 1609 ஜூலையில் ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியால் நிலவைக் கண்டு வரைந்தார். சிறந்த கணித அறிஞர். ஆயினும் அவர் தாளில் ஒளியையும் இருளையும் பிரிக்கும் கரடுமுரடான கோடும் சில கறைகளுமே விழுந்தன. அவ்வாண்டின் இறுதியில் பதுவா நகரில் கலீலியோ அதே நிலவைக் கண்டார். இருட்பகுதிக்குள் தனித்து மின்னிய புள்ளிகள் கதிரொளி பட்ட மலையுச்சிகள் எனத் தெளிந்தார். பிறையின் இருண்ட பாகத்தில் தோன்றும் மங்கலொளி, புவியில் பட்டுத் திரும்பிய ஒளியே என்றும் எழுதினார். மேசையொளி பந்தின் விளிம்பை வெளுக்கச் செய்ததும் இதுவேயன்றோ? 1610இல் அவர் நூல் வெளிவந்தபின், ஹாரியட் வரைந்த நிலவிலும் பள்ளங்கள் தோன்றின. கலீலியோவின் கருவி வலிமை மிக்கது என்பது உண்மையே. எனினும் அவர் நிழலைப் படிக்கக் கற்றவர். 1613இல் புளோரன்ஸ் ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

பள்ளிகளை நடத்தும் பெரியோர்களிடமும், கால அட்டவணை வகுக்கும் ஆசிரியப் பெருமக்களிடமும் நான் வேண்டுவது வாரத்தில் அந்த ஒரு பாடவேளையைத்தான். செலவு அதிகமில்லை: ஒரு வெள்ளைப் பந்து, ஒரு சன்னல்.