ஓடாத மீட்டருக்கு எதற்குப் பாலிஷ்?

பதிவு கொஞ்சம் நீளம். என் இயற்பியல் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிதில்லை.

போடியில் இப்போது பழைய காரைப் புதுப்பிக்கும் மோகம். ஏலத்தோட்டக்காரர் வீட்டு ஷெட்டுகளில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகள் வெளியே வருகின்றன. சந்தோஷம்தான். 1961 முதல் மெட்ராஸில் செய்த வண்டி. இங்கிலாந்து ட்ரையம்ப் ஹெரால்டின் தங்கச்சி. அந்தச் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஆகவே நம் பிள்ளைகள் ஹெரால்டுக்கு ராலி வேஷம் கட்டுவதில் தப்பே இல்லை. வேஷத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு ஆகவில்லை.

சென்ற மாதம் பார்த்த ஒரு வண்டியில் ஹல்டா ட்ரிப்மாஸ்டர் மாட்டியிருந்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்கு ஹல்டா என்ற பெயர் தெரியும். அதே ஸ்வீடன் பெயர்தான். டாக்ஸி மீட்டரும் செய்தவர்கள். ராலியில் நேவிகேட்டர் தூரத்தை நூறில் ஒரு மைல் வரை படிப்பதற்கான கருவி இது. பெரிய தொகை கொடுத்து வாங்கி, மினுங்கத் துடைத்து, ஸ்க்ரூ போட்டு மாட்டியாயிற்று. டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். கேபிளே இல்லை!

கேட்டால், "சார், ஷோவுக்குத்தானே?" என்கிறார்கள். தம்பிகளா, அளக்காத கருவிக்குப் பெயர் கருவி இல்லை, பொம்மை. பொம்மைதான் வேண்டுமென்றால் அட்டையில் வரைந்து ஒட்டுங்கள், காசாவது மிச்சம்.

"போனில் ஜிபிஎஸ் இருக்கே, சார்" என்பது அடுத்த பதில். இருக்கிறது, அதைவிடத் துல்லியமாகவும் காட்டும். மறுக்கவில்லை. துல்லியம் மட்டும் போதுமென்றால் போனை மாட்டிக்கொள்ளுங்கள், ஹல்டாவை விட்டுவிடுங்கள். பழையதை மாட்டுவேன், ஆனால் ஓட வைக்க மாட்டேன் என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஓட வைப்பது பிரம்ம வித்தையும் இல்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளில் டி வடிவக் கியர் பெட்டி ஒன்றைப் போட்டு ஹல்டாவுக்குச் சுழற்சி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பல்சக்கர ஜோடியை உங்கள் வண்டிக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். டயர் அளவு மாறினாலோ பின் ஆக்ஸில் விகிதம் மாறினாலோ கணக்கும் மாறும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டரின் டயலில் அடியில் சின்னதாக ஒரு எண் இருக்கும். மைல் டயல் என்றால், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. சமதளத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு வண்டியை 52 அடி 10 அங்குலம் தள்ளுங்கள். அது மைலில் நூறில் ஒரு பங்கு. உள்கம்பி எத்தனை சுற்றுகிறது என்று எண்ணி நூறால் பெருக்குங்கள். டயல் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு!

கேபிளுக்குக் கிரீஸ் கீழ்ப் பாதியில் மட்டும். மேலே தடவினால் மீட்டருக்குள் ஏறி, உள்ளே காந்தத்துக்கு மேல் சுழலும் அலுமினியக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். கேபிளைச் சுருக்கென்று மடித்தால் முள் ஆடும்.

இனி நான் கோபப்படும் விஷயம். நம்மூரில் ரேடியம் என்றால் பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர். அதற்கும் ரேடியத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கடிகாரம், ராணுவ மீட்டர் பலவற்றின் முள்ளிலும் எண்ணிலும் பூசியது அசல் ரேடியம். இப்போது இருட்டில் ஒளிராது. ஒளிர்வது நின்றதற்குக் காரணம் கூடக் கலந்த துத்தநாக சல்பைடு தேய்ந்துபோனது; ரேடியம் அப்படியேதான் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு. 1920களில் அமெரிக்காவில் டயலுக்கு இந்தச் சாயம் தீட்டிய பெண்கள் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். இங்கே ஒரு பட்டறையில் பதினாறு வயதுப் பையன் அப்படி ஒரு டயலை உப்புத்தாளால் தேய்த்து, தூளை வாயால் ஊதிக்கொண்டிருக்கிறான். ஃபோட்டோவுக்கு டயல் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். அவன் நம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டிய பையன்.

பழைய ஒளிரும் டயலைச் சுரண்டாதீர்கள், திறக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மங்கலாகவே இருக்கட்டும். சாயம் உதிரும் கருவியை வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று. அதே பட்டறை வாசலில்தான் விடிகாலையில் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளும் நிற்கின்றன. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்கும் வண்டிகள். எத்தனை ஜீப்பில் டெம்பரேச்சர் முள் வேலை செய்கிறது, நீங்களே எட்டிப் பாருங்கள். மீட்டர் ரிப்பேர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஹல்டாவுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் அவர்களிடம் போனால், அந்தப் பையனுக்கும் தொழில் முறையாகக் கற்றுக்கொடுப்பார்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு முந்தல் ரோட்டுக்கு வாருங்கள். அளவு நாடா நான் கொண்டுவருகிறேன். வண்டி தள்ள ஆள் நீங்கள் கூட்டி வாருங்கள்.