களாக்காய்க்கு என்ன குறைச்சல்?

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் காஷ்மீர் செர்ரி வந்துவிட்டது. இந்த வாரத்துக்கு எனக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. சின்ன அட்டைப் பெட்டி, உள்ளே காம்போடு அடுக்கிய கருஞ்சிவப்புப் பழங்கள். பழக்கடைத் தம்பி ஒரு பெட்டியைத் திறந்து, "பாத்து எடுங்கக்கா, நசுங்கினது ஒண்ணும் இருக்காது" என்று நீட்டினார். காம்பு இன்னும் பச்சையாக இருந்தது. செர்ரி வாங்கும்போது பழத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காம்பைத்தான் பார்க்க வேண்டும். காம்பு கறுத்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். மாம்பழம் மாதிரி பறித்து வைத்துப் பழுக்கவைக்கிற சமாசாரமும் இதில் நடக்காது. மரத்தில் எவ்வளவு பழுத்ததோ அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

ஷோபியானிலும் காந்தர்பலிலும் மே பாதியில் பறிக்கத் தொடங்கினால், ஜூலை பிறந்து சில நாளில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் பனிமலை அடிவாரத்துப் பழம் தென்கோடிக்கு வந்து சேர வேண்டும். 2025 ஜூனில் காட்ராவிலிருந்து மும்பைக்கு ரயில் பார்சல் வண்டியில் செர்ரி அனுப்பினார்கள் என்று படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம், மெட்ரோ திறந்தால்கூட உண்டாகாது. செர்ரி மரத்துக்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே உறைந்து நின்றால்தான் மறுபடி பூக்கத் தோன்றும். திருவனந்தபுரத்தில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். இந்த ஊரில் செர்ரி முளைக்க வழியில்லை. வந்தால் வண்டியில்தான் வர வேண்டும்.

இந்தப் பழத்தை வைத்து வீட்டில் காப்ளர் செய்வதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதவும் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளைக் கிரீம் கேக். மேலே வட்டமாகச் சிவப்பு உருண்டைகள். அந்த வீட்டுக் குழந்தை எல்லோரையும் தள்ளிவிட்டு, "எனக்குச் செர்ரி!" என்று கையை நீட்டியது.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு இந்த உருண்டையோடு எனக்குள்ள பழைய தகராறு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். நம் பேக்கரிகளில் செர்ரி என்று கேக்குக்கு மேலும் பன்னுக்கு உள்ளும் வைக்கிறது பெரும்பாலும் செர்ரியே கிடையாது. அது களாக்காய். கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற காட்டில், பால் வடிகிற கிளையோடு, இரட்டை முள்ளோடு நிற்கிற அதே களாச்செடியின் காய். கடையில் விற்கிற செர்ரி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் கரோண்டா என்று இருக்கும். அது களாக்காயின் இந்திப் பெயர்.

காயை இரண்டாகக் கீறி விதையை எடுக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அதன் சொந்த நிறத்தை வெளுக்கவைக்கிறார்கள். பிறகு சிவப்புச் சாயம். பிறகு நாள்கணக்கில் சர்க்கரைப் பாகு, ஒவ்வொரு நாளும் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் கையில் கிடைப்பது பிசுபிசுப்பான ஒரு சிவப்பு இனிப்பு. காயின் புளிப்பு போய்விட்டது, துவர்ப்பு போய்விட்டது, வாசனை போய்விட்டது. மிச்சம் இருப்பது உருவம் மட்டும். அந்தச் சாயத்துக்கு எரித்ரோசின் என்று பெயர். புளிப்பான இடத்தில் இந்தச் சாயம் கரையாமல் உள்ளேயே படிந்துவிடும், அதனால் வெள்ளைக் கிரீமில் கசியாது. நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட சாயங்களில் அது ஒன்று. அமெரிக்காவில் 1990-இலேயே இதை அழகுசாதனப் பொருள்களிலிருந்து விலக்கிவிட்டார்கள். உதட்டுச் சாயத்துக்கு ஆகாது என்று சொன்னதை உணவில் வேண்டாம் என்று சொல்ல 2025 ஜனவரி வரை ஆனது. ஆலைகளுக்கு 2027 ஜனவரி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குச் சாயத்தைவிடக் களாக்காயை நினைத்துத்தான் வருத்தம். பச்சைக் களாக்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக் கடித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புளிப்பு கன்னத்துக்குள் ஏறி, கண்ணை மூடவைத்து, மறுபடியும் கையை நீட்டவைக்கும். களாக்காய் ஊறுகாய் இருந்தால் தயிர்சாதத்துக்கு வேறொன்றும் வேண்டாம். பழுத்தால் கறுத்து, பால் சுவையோடு இனிக்கும். இப்படிப்பட்ட ஒரு காயை உரித்து, வெளுத்து, சாயம் ஏற்றி, வேறொரு நாட்டுப் பழத்தின் வேஷத்தில் மேடையேற்றுகிறோம். அந்தக் குழந்தைக்கு இன்றைக்கு வரை செர்ரியும் தெரியாது, களாக்காயும் தெரியாது.

கேரளத்தின் கேக் கதையில் இந்த வேஷத்துக்கு அவசியமே இருந்ததில்லை. தலசேரியில் மாம்பள்ளி பாபு 1883 டிசம்பரில் சுட்ட கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதுபோல் முடியுமா என்று கேட்டாராம். தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு அடித்து வாங்கி, பிராந்திக்குப் பதிலாக நம் முந்திரிப்பழச் சாராயத்தை ஊற்றிச் சுட்டார் பாபு என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லிவரும் கதை. பிரவுனுக்குப் பிடித்துப்போய் மேலும் ஒரு டஜன் கேட்டாராம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பாத்திரம் அந்த முந்திரிப்பழம்தான். கையருகே கிடந்தது, சேர்த்தார், நன்றாக வந்தது, அதற்கு வேறு பெயரும் சூட்டவில்லை.

சரி, காப்ளர். அமெரிக்க வீடுகளின் பழப் பலகாரம் இது. சர்க்கரை சேர்த்த பழத்தைத் தட்டில் பரப்பி, மோர் விட்டுக் கலந்த மாவைக் கரண்டி கரண்டியாக மேலே வைத்து, ஓவனில் சுட வேண்டியதுதான். 1839-இல் லெட்டிஸ் பிரையன் எழுதிய 'கென்டக்கி ஹவுஸ்வைஃப்' சமையல் நூலிலேயே பீச் பழத்தில் செய்கிற காப்ளர் இருக்கிறது. உருட்டுக்கட்டை வேண்டாம், அச்சு வேண்டாம், ஐசிங் வேண்டாம். கேக் சுடப் பயப்படுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். தட்டுக்குச் சாலையிலுள்ள பாத்திரக்கடையே போதும், இரண்டு அங்குல ஆழமுள்ள அலுமினியத் தட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பாத்திரக்கடை வரிசைக்குப் போகும்போதெல்லாம் ஆ. மாதவனை நினைக்காமல் வர முடிவதில்லை. இதே தெருவில் பாத்திரக்கடையில் உட்கார்ந்துகொண்டுதான் 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். சுமை தூக்குகிறவர்களையும், தெருவோரம் விற்கிறவர்களையும், தெருநாயையும் தமிழுக்குள் கொண்டுவந்தவர். 2021 ஜனவரியில் போய்விட்டார். சாலையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் இப்போதும் கையில் கொடுக்கிறேன்.

முக்கால் கிலோ செர்ரி. விதையை எடுக்கக் கருவி வேண்டியதில்லை. காம்பைப் பிடுங்கி, அந்தக் குழிக்குள் கொண்டை ஊசியின் வளைந்த முனையை விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்தால் கொட்டை வெளியே வந்துவிடும். கை, முழங்கை, சுவர் எல்லாம் சிவக்கும், பழைய துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். பழத்தோடு 150 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு. மேல்மாவுக்கு 200 கிராம் மைதா, 50 கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 85 கிராம் வெண்ணெய், முக்கால் டம்ளர் கெட்டி மோர். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெண்ணெய் கையில் எடுப்பதற்குள் எண்ணெயாகிவிடும். ஆகவே அதை ஃப்ரீசரில் கல்லாக்கி, தேங்காய்ப்பூ மாதிரி துருவி மாவில் உதிர்த்துவிடுங்கள். மோரை விட்டதும் இரண்டு கிண்டு, அவ்வளவுதான், அதிகம் பிசைந்தால் ரப்பராகிவிடும். பழத்தைத் தட்டோடு பத்து நிமிஷம் ஓவனில் கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டின் மேல் மாவை வைத்தால்தான் மாவின் அடிப்பக்கம் வேகும். 190 டிகிரியில் 35 நிமிஷம். மேலே பொன்னிறம், இடுக்குகளில் சிவப்புச் சாறு தளதளவென்று கொதித்து மேலே வர வேண்டும்.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. காப்ளர் பிறந்த ஊரில் அதற்குப் போடுவது புளிப்புச் செர்ரி. மான்ட்மோரன்சி என்கிற வகை, மிச்சிகன் மாநிலத்தில் தோட்டம் தோட்டமாக விளைகிறது. பச்சையாகத் தின்றால் பல் கூசும். சர்க்கரையும் சூடும் பட்டால்தான் அதன் மணம் எழும். காஷ்மீரிலிருந்து நமக்கு வருவது தின்பதற்கான இனிப்புச் செர்ரி. அதை அப்படியே சுட்டால் இனிப்பின் மேல் இனிப்பாக, மந்தமாக வரும். எலுமிச்சம்பழம் பிழியலாம். பிழிந்தால் எலுமிச்சைதான் மணக்கும்.

இதை மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சேச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய் ஃப்ரீசரிலிருந்து ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து மதில் மேல் வைத்தார். "இதும் கூடி இட்டு நோக்கு மோளே, புளி இதிலுண்டல்லோ." போன தடவை காய்த்ததை விதை நீக்கிப் போட்டு வைத்திருந்த லூபிக்கா.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். லூபிக்கா என்றும் லோலோலிக்கா என்றும் இங்கே சொல்கிற பழம். இலங்கையில் லொவி. பார்த்தால் செர்ரி என்றே நினைப்பீர்கள், அதே உருண்டை, அதே பளபளப்பு, அதைவிடப் பிரகாசமான சிவப்பு. முள்ளில்லாத மரம். கிளையோடு கிளையாகக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். வாயில் போட்டால் புளிப்பு உச்சந்தலையைத் தொடும். இங்கே அதை உப்பிலிடுவார்கள், ஊறுகாய் போடுவார்கள், ஜாம் காய்ச்சுவார்கள். வேகவைத்தால் துவர்ப்பு அடங்கி, சாறு தானாகவே கெட்டியாகிறது.

செர்ரியில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு லூபிக்கா சேர்த்தேன். சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டினேன். ஓவனைத் திறந்தபோது வந்த மணத்தை எந்தப் பேக்கரியிலும் நான் முகர்ந்ததில்லை. காஷ்மீர்ப் பழம் அந்தப் புளிப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. செர்ரிக்குச் செர்ரியின் ருசியைக் கொடுத்தது மதிலோரத்து மரம். சேச்சி ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, பேசாமல் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

அன்றிலிருந்து தெருவில் போகும்போது மதில்களுக்கு மேலேயே பார்த்துக்கொண்டு போகிறேன். கரமனையில், வலியசாலையில், பூஜப்புரைப் பக்கத்து உள்தெருக்களில் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஏதாவது ஒன்று நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. சாம்பக்கா, இலும்பன்புளி, அம்பழங்காய், லூபிக்கா. யாரும் விலைக்கு வாங்கியதில்லை, யாரும் விற்றதுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் உப்புப் பொட்டலத்தோடு அலைந்தார்கள். இப்போது முற்றம் முழுவதும் இன்டர்லாக் கட்டை. பழம் விழுந்தால் கட்டையில் கறை பிடிக்கிறது என்று மரத்தை வெட்டுகிறார்கள். இலை விழுகிறது, எறும்பு வருகிறது, வவ்வால் வருகிறது என்று வெட்டுகிறார்கள். வெட்டி முடித்த வீட்டுக்குப் பிறந்தநாளன்று சாயம் ஏற்றிய களாக்காய் போய்ச் சேருகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு வருகிறதே என்று அதே வீட்டார் குறைப்படுவதையும் கேட்கிறேன். மரத்தின் அடியில் மண் இருந்தவரை இந்தக் குறை இருந்ததில்லை. இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

பேக்கரி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். களாக்காயைப் புளிப்பும் துவர்ப்பும் போகாமல், சாயம் இல்லாமல் பாகில் போட்டு, பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் களாக்காய் என்று எழுதுங்கள். வாங்குவதற்கு நாங்கள் இருக்கிறோம். முற்றத்தில் லூபிக்கா நிற்கிற வீட்டார், அரிவாளை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தப் பழத்தில் காப்ளர் செய்து பாருங்கள். செர்ரி கிடைக்காத மாதங்களில் லூபிக்காவை மட்டும் போட்டும் செய்யலாம், அப்போது சர்க்கரை 250 கிராம்.